பழைய மோட்டாரின் தலைவலி

மோட்டாரைப் பற்றி ஒரு ரயில்வே குமாஸ்தா எழுதுவானேன் என்று வினவுவோர்க்கு என்னிடம் ஒரு சமாதானம் உண்டு. சாணக்யபுரியில் 1977 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், நீராவி இஞ்சின்களுக்கு நடுவே ஒரு மோட்டாரும் வீற்றிருக்கிறது. 1914 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் மாரிஸ் கம்பெனியார் செய்த தீயணைப்பு வண்டி அது. நிஜாம் அரசு ரயில்வேயில் ஊழியம் புரிந்தது. டில்லியின் பழங்கார் அணிவகுப்பிலும் கலந்துகொண்டதுண்டு. அதனைப் பலமுறை சென்று பார்த்ததன் பயனாகவே மெட்ரிகுலேஷன் வரை மட்டும் படித்த எனக்குப் பழைய இஞ்சின்களின்மீது மையல் பிறந்தது.

அக்காலத்து இஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரும் அதன் தலையும் ஒரே வார்ப்பாக இருந்தன. 1908 இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல், கழற்றத்தக்க தலையைப் பரவச் செய்தது. கழற்றும் வசதி வந்தால் இடைவெளியை அடைக்கக் கேஸ்கட் என்னும் மெல்லிய தகடும் வேண்டும். தகடு இருந்தால் கசிவும் உண்டு. நெருப்பு, நீர், எண்ணெய் மூன்றையும் ஒன்றோடொன்று சேராமல் அது காக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளின் நிலைதான்!

எங்கள் தெருவில், பணி ஓய்வு பெற்ற மாமா ஒருவர், தம் தந்தையார் 1966 இல் வாங்கிய அம்பாசடரைப் பேணி வருகிறார். சென்ற குளிர்காலத்தில் அதன் ரேடியேட்டரில் நீர் குறையத் தொடங்கிற்று. இஞ்சினும் நின்ற நிலையில் நடுங்கிற்று. பட்டறையொன்றில் காட்டியபோது, இஞ்சினையே மாற்றிவிடும்படி கூறினராம். இதில் ஒரு சங்கடம் உண்டு. பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு டில்லியில் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018 இல் உறுதி செய்தது. 2021 இல் வந்த மத்திய விதியோ, ஐம்பதாண்டு கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிக்குப் பழம்பெரும் வண்டி என்ற பதிவை அளிக்கிறது. மாமா அப்பதிவை அரிதிற் பெற்றிருந்தார். இஞ்சினை மாற்றினால் பதிவுக்கே ஆபத்து.

“தம்பி, இது என் அப்பா ஓட்டிய இஞ்சின். இது போனால் மீதி வெறும் தகரந்தான்” என்றார் மாமா.

இவ்விஷயத்தில் அவசரம் ஆகாது. டில்லியின் தை மாதக் காலையில் எந்தக் காரும் வெண்புகை விடும். குறுந்தொலைவே ஓடும் வண்டியின் எண்ணெய் மூடிக்கடியில், நீராவி படிந்து பாலேடுபோல் வெண்மை காணும். இவை நோயல்ல. இஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் புகை நில்லாதிருந்தால், அல்லது அளவுக்குச்சியில் எண்ணெய் காப்பி நிறமாகத் தெரிந்தால், அப்பொழுது கவலைப்படலாம்.

ஆறிய இஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, அரை நிமிடம் மட்டும் ஓட்டினோம். பெல்ட் இல்லையேல் பம்பு சுழலாது. ஆதலால் நீரில் குமிழி எழுந்தால் அது எரிவாயுவின் வேலை. குமிழிகள் ஓயாமல் எழுந்தன. (சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கும் சாகசத்தை அன்பர்கள் செய்ய வேண்டாம்.)

பின்னர்ப் பிளக்குகளைக் கழற்றி அழுத்தம் அளந்தோம். முதலும் நான்காவதும் ஏறக்குறைய 130 பவுண்டு. நடுவிலுள்ள இரண்டும் 70 ஐத் தாண்டவில்லை. அவ்விரு சிலிண்டர்களிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தோம். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் அழுத்தம் ஏறியிருக்கும், ஏறவில்லை. வால்வுப் பழுதாகவும் இருக்கக்கூடும். எனினும் அடுத்தடுத்த இரண்டும் ஒரே அளவாகத் தாழ்ந்து, நீரிலும் குமிழி எழுந்தமையால், அவற்றின் இடைச்சுவரில் கேஸ்கட் வெந்துபோயிருக்க வேண்டும் என்று துணிந்தோம்.

மிஸ்திரிஜி தலையைத் தூக்கியபோது அவ்விடத்தில் கரிக்கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கும்; அதன் தூசு நுரையீரலுக்குப் பகை. ஆகவே உலரச் சுரண்டாமல் நனைத்தே எடுத்தார். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்ததில் தலை சற்றே வளைந்திருந்தது. மெஷின் கடையில் மெல்லச் சீவி, புதிய தகடு வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக முறுக்கினார். ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு மறுபடியும் முறுக்கினார்.

இஞ்சின் எண் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே நிற்கிறது. நட்டு முறுக்கினால் வால்வு இடைவெளி மாறுமாதலால், அதனைச் சரிபார்க்க வரும் ஞாயிறன்று மாமா வரச் சொல்லியிருக்கிறார்.