மாமியார் வைத்த வேலி

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து வருஷங்களாக ஓர் உண்ணிச்செடி வேலி இருந்தது. வைத்தவர் என் மாமியார். ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ரோஜா நிறமுமாகப் பூத்துக் குலுங்கும். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, ஆடு மாடுகூட வாய் வைக்காது.

"இதைவிடச் சமர்த்தான செடி உண்டா, சொல்லு பார்க்கலாம்!" என்பார் மாமியார்.

அவர் காலமான பிறகு அந்த வேலியில் ஓர் இலையைக் கிள்ளக்கூட எனக்கு மனம் வந்ததில்லை. அருகிலிருந்த மல்லிகை பட்டுப் போனபோதுகூட, "வெயில் போதவில்லை" என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சென்ற ஆண்டு பூஜை விடுமுறையில் உதகமண்டலம் போயிருந்தோம். அங்கிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி முதுமலையை அடைந்தோம். தேயிலைத் தோட்டங்களின் குளிர் காற்று மெள்ள மெள்ள மாறி, காட்டின் வாசனை மூக்கில் ஏறியது. ஜீப் தெப்பக்காட்டைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் பார்க்கிறேன்: மஞ்சளும் ஆரஞ்சும் ரோஜா நிறமும்!

"அடடா, நம் வீட்டு வேலி!" என்று குழந்தைபோல் கூவிவிட்டேன்.

வழிகாட்டியாக வந்த பெரியவர் சிரிக்கவில்லை. "அம்மா, இதுதான் இந்தக் காட்டைத் தின்றுகொண்டிருக்கிறது" என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்க வெப்ப மண்டலம். பூவின் அழகுக்கு ஆசைப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். தோட்டத்துக்கு வந்த விருந்தாளி அதோடு நின்றதா? கறுத்துப் பழுத்த பழங்களைப் பறவைகள் தின்று, போகிற இடமெல்லாம் விதையைப் போட்டன. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இது பரவியிருக்கிறது.

"இதன் கீழே புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானும் காட்டெருமையும் எங்கே போகும்? இலையைத் தின்றாலோ விஷம்" என்றார் பெரியவர்.

ஜீப் நின்றது. புதரின் ஓரத்தில் ஒரு புள்ளிமான் நின்று எங்களைப் பார்த்தது. பச்சைப் பசேலென்ற காட்டின் நடுவில் அதற்கு மேய ஒரு பிடி புல் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

"வெட்டிப் போட்டால் தீராதா?" என்று கேட்டார் என் கணவர்.

"மேலே வெட்டினால் நாலு மடங்காகத் துளிர்க்கும் ஐயா! மண்ணுக்குள், தண்டும் வேரும் சேருகிற இடத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி வேர் பிடிக்கும். பழுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அடுத்த மழைக்கு முளைப்பதையும் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் இந்த ஊர்ப் புல்லை வளர்க்க வேண்டும்."

தமிழக அரசு 2022-ல் இத்தகைய அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களோ இந்தச் சனியனையும் பிழைப்பாக்கிவிட்டார்கள்! தண்டை வேகவைத்து, பட்டையை உரித்து, பிரம்பு மாதிரி வளைத்து நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன என்றால் பாருங்களேன்!

ஊர் திரும்பிய மறுநாள் காலை, கடப்பாரையோடு தோட்டத்துக்குப் போனேன்.

"அம்மா வைத்ததாயிற்றே..." என்று இழுத்தார் என் கணவர். அவர் குரல் கம்மியிருந்தது.

எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் மாமியார் தினமும் விடியற்காலையில் மல்லிகைப் பாத்தியில் உட்கார்ந்து களை பறித்தது நினைவுக்கு வந்தது. "ஒன்று இன்னொன்றை வாழவிட வேண்டும், விடாவிட்டால் அது களைதான்" என்பார் அவர். இந்தச் செடியின் குணம் தெரிந்திருந்தால், முதலில் கடப்பாரையை எடுத்திருப்பவர் அவர்தான்! இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கடப்பாரையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார் என் கணவர்.

இரண்டு நாள் வேலை. கையெல்லாம் முள் கீறல். வேலி இருந்த இடத்தில் இப்போது மல்லிகைப் பதியன் வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் இன்னமும் இரண்டு மூன்று உண்ணிக் கன்றுகள் தலைநீட்டத்தான் செய்கின்றன. காபி குடித்த கையோடு போய்ப் பிடுங்கிவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இந்த வேலி உண்டா? காய் கறுப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்.