தவறிய ரோபோவின் பின்னே

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம், வாஷிங்டன் நகரின் வளாகமொன்றில் காவல்பணி புரிந்த ரோபோ, படிகளில் இறங்கி நீரூற்றுக்குள் விழுந்தது. படம் இணையத்தில் பரவ, கேலி பெருகியது. சிலர் அது மின்னேற்றம் பெறும் இடத்தில் மலர்களை வைத்து அஞ்சலியும் செலுத்தினர். எவருக்கும் தீங்கு நேராததால் சிரிப்பதும் இரங்குவதும் எளிதாயின. அதே ஆண்டு வெளியான சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வொன்றிலும், பிழையின்றி இயங்கிய ரோபோவைவிடப் பிழை செய்த ரோபோவையே பங்கேற்பாளர்கள் கூடுதலாக விரும்பினர்.

இழப்பு தம்மைச் சேரும்போது இந்தப் பரிவு நிலைப்பதில்லை. ஜப்பானில் 2015இல் திறக்கப்பட்ட ‘ஹென் நா’ விடுதியில், அறையிலிருந்த பேசும் பொம்மை விருந்தினரின் குறட்டையைக் கட்டளையெனக் கருதி, அவரைத் திரும்பத் திரும்ப எழுப்பியது. ரோபோக்களால் இயலாதவை ஊழியர்களின் சுமையாயின. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள், 243 ரோபோக்களில் பாதிக்கும் மேற்பட்டவை பணியிலிருந்து நீக்கப்பட்டன.

பரிவும் சினமும் புரிந்துகொள்ளக் கூடியவையே. கவலையளிப்பது மூன்றாவது எதிர்வினை. 2016இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், கட்டடமொன்றில் செயற்கைப் புகையையும் தீ எச்சரிக்கை மணியையும் கொண்டு ஒரு நெருக்கடியை உருவாக்கினர். பங்கேற்ற 26 பேரும் ரோபோ காட்டிய வழியிலேயே சென்றனர். அவர்களுள் பாதிப்பேர், சில நிமிடங்களுக்கு முன்புதான் அதே ரோபோ வழிகாட்டுவதில் தடுமாறியதைக் கண்டிருந்தவர்கள்!

தூக்கமிழந்த விருந்தினரின் முறையீட்டால் பிழை வெளிப்பட்டது, திருத்தமும் நேர்ந்தது. புகைக்கு நடுவே பின்தொடர்பவரோ முறையிடுவதில்லை. பயனாளியின் மனநிறைவை மட்டும் அளக்கும் வினாநிரல் இந்த மௌனத்தை வெற்றியென்றே பதிவு செய்யும். பிழைக்குப் பின் நன்மதிப்பை மீட்பது எவ்வாறு என்று வினவும் ஆய்வுகள், ஐயுற வேண்டிய தருணத்தில் மனிதர் ஐயுறுகின்றனரா என்றும் வினவவேண்டும்.

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. 2020இல், பெருந்தொற்றின்போது, ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுசெல்ல ரோபோக்கள் சோதித்துப் பார்க்கப்பட்டன. அத்தகைய தட்டொன்று தன் கட்டிலருகே வந்து நிற்கும்போது, “இது என் மருந்துதானா?” என்று நோயாளி கேட்கத் துணியவேண்டும். கேட்டால் விடைகூற, அழைக்கும் தொலைவில் ஒரு செவிலியர் இருக்கவேண்டும்.