திரும்பும்போது வரும் சத்தம்

என்னுடைய பழைய மாருதி 800 நேராகப் போகும்போது சத்தம் போடாது. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் முன்னால் எங்கோ 'டக் டக் டக்' என்று கேட்கும். மூன்று மாதம் கேட்டது. தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி கிளைக்குப் போய்வரும் வழியில் எத்தனை வலது வளைவுகள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தொழுநோய் கண்டவர் ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்துவிட, நடந்தும் கட்டை வண்டியிலுமாக ஊர் ஊராய்ப் போன சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23இல் கண்மூடிய ஊர் இது. இங்கே உட்கார்ந்து கார் சத்தத்தைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் கார் மட்டும் அல்ல. போன வருஷம் நான் எழுதிய ஒரு மதிப்புரையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

முதலில் காட்டிய பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, 'இடது வீல் பேரிங்' என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் சொன்ன அந்தத் தெம்பு எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் அது எனக்கும் உண்டு. பேரிங்கை மாற்றினார்கள்; பணம் கொடுத்தேன். வெளியே வந்து முதல் வலது திருப்பத்தில் டக் டக் டக்.

பாப்பாரப்பட்டியில் எங்கள் கிளைக்கு வரும் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வண்டியைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"நிக்கிறப்ப ஸ்டீயரிங்கை ஒடிச்சா வருதுங்களா சார்?"

"இல்லைங்க."

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறாப்பல வருதா, இரைச்சலா வருதா?"

"எண்ணலாம்."

"ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு இது தெரியவில்லை. காலை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை.

காலி மைதானத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில் வட்டம் போடச் சொன்னார். அவர் கூடவே குனிந்தபடி நடந்தார். மிதித்தால் சத்தம், காலை எடுத்தால் அநேகமாக இல்லை. வேகம் கூடினால் எண்ணிக்கையும் கூடியது. "பேரிங்குன்னா நேராப் போறப்பவே உறுமும் சார். திரும்பினா உறுமல் மாறும், அவ்வளவுதான். நின்ன இடத்துல ஒடிக்கிறப்ப முனகினா மேலே சஸ்பென்ஷன் பக்கம் பாக்கணும். இது இழுக்கிறப்ப மட்டும் அடிக்குது. ஆக்ஸில் ஜாயின்ட்." வலது பக்கம் திரும்பும்போது கனம் இடது சக்கரத்தின்மேல் சாய்கிறது, ஆகவே இடது பக்கத்தைச் சந்தேகித்தார். சந்தேகித்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் முடிவாகச் சொன்னார்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஒரே சக்கரத்துக்கு இரண்டு வேலை: எஞ்சினின் சக்தியையும் வாங்கிக்கொள்ளவேண்டும், பக்கவாட்டிலும் திரும்பவேண்டும். இந்த இரண்டும் சந்திக்கிற இடம் அந்த ஜாயின்ட். உள்ளே ஆறு குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு கூடு, அவை ஓடுவதற்குப் பள்ளங்கள். நேர்ச்சாலையில் குண்டுகள் அநேகமாக ஒரே இடத்தில் இருக்கின்றன. திரும்பும்போதுதான் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடவேண்டியிருக்கிறது. தேய்மானம் அப்போதுதான் பேசுகிறது. இதையெல்லாம் ஒரு ரப்பர் உறை மூடியிருக்கிறது. என் வண்டியில் அந்த உறை மடிப்பில் கிழிந்து, கிரீஸ் முழுக்கச் சக்கரத்தின் உட்புறம் தெறித்திருந்தது. போன இடத்தில் புழுதி புகுந்துவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவிக் காட்டினார். குண்டுகளில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். உறை கிழிந்ததுமே பார்த்திருந்தால் ஓர் உறையும் கொஞ்சம் கிரீஸுமே போதும். இப்போது ஜாயின்டையே மாற்றவேண்டியதாயிற்று.

அவர் சொன்னதில் என்னைத் தொந்தரவு செய்தது இதுதான்: பேரிங்கை மாற்றவேண்டுமானால் ஆக்ஸிலை உருவாமல் முடியாது. அதாவது முதல் பட்டறையில் இந்தக் கிழிந்த உறையைக் கையில் பிடித்திருக்கிறார்கள். பிடித்தும் பார்க்கவில்லை. பேரிங் என்று முன்பே முடிவாகிவிட்டதால் மற்றது கண்ணில் படவில்லை.

இந்த மாதிரி ஜாயின்டைச் சின்னக் காரில் வைத்துப் பிரபலப்படுத்திய மினி கார் இங்கிலாந்தில் வந்தது 1959இல். செல்லப்பா 'எழுத்து'வை ஆரம்பித்ததும் அதே 1959தான். க.நா.சு.வின் ரசனையா, செல்லப்பாவின் அலசலா என்று நாம் இன்னும் விட்டுவிடாத சண்டைக்கும் ஏறக்குறைய அதே வயது. நான் எப்போதும் க.நா.சு. கட்சி. நல்ல காது இருந்தால் போதும், கழற்றிப் போடுவது வாத்தியார் வேலை என்று எழுதியும் இருக்கிறேன். அந்த மைதானத்தில் எனக்குப் பட்டது வேறு. காது இல்லாவிட்டால் எந்தச் சக்கரத்தைக் கழற்றுவது என்று தெரியாது. ஆனால் காது சொல்வது 'இங்கே ஏதோ இருக்கிறது' என்பது வரைதான். அதன் பெயரையும் காதே சொல்லிவிடும் என்று நம்புவதில் ரசனை இல்லை, சோம்பல்தான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு நண்பரின் சிறுகதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில், கடைசிக் கதையின் பிற்பகுதியில் 'மொழி கரகரக்கிறது, இவருக்கு வசனம் கைவரவில்லை' என்று எழுதினேன். கரகரப்பு உண்மை. சென்ற வாரம் அந்தக் கதையை மறுபடி எடுத்துப் பத்தி பத்தியாகப் படித்தேன். பாதி வரைக்கும் கிழவர் பார்க்கிறார். அவர் மகன் ஊருக்குத் திரும்புகிற இடத்தில், கிழவருக்குத் தெரிய முடியாததை ஆசிரியர் சொல்ல ஆரம்பிக்கிறார். பார்வை திரும்புகிறது, அந்த இணைப்பு கிழிந்திருக்கிறது. வசனம் அங்கே தன்னுடையதல்லாத கனத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. நான் மேற்கோள் காட்டிய பத்தியே அதுதான். கையில் பிடித்தும் பார்க்கவில்லை.

வசனம் வரவில்லை என்று சொல்லப்பட்டவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. என்னால்தான் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு கர்வம். இருந்தாலும் அந்த வாக்கியத்தை இங்கே வாபஸ் வாங்குகிறேன். கதையில் பழுது இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். பழுது வேறு இடத்தில், சரிசெய்யக்கூடிய இடத்தில் இருக்கிறது. இதை அப்போதே சொல்லியிருந்தால் ஓர் உறையோடு போயிருக்கும்.

நம்முடைய வட்டம் சின்னது. நண்பர் இதைப் படிப்பார்.