ஒரு சிபாரிசுக் கடிதம்

சென்ற வருஷம் நான் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினேன். அதில் பொய் என்று சொல்லும்படி ஒரு வாக்கியமும் கிடையாது. இருந்தும் அதைப் போல ஒரு பொய்யை நான் எழுதியதில்லை. எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிற சிலர் படிக்கிற இந்தப் பக்கங்களில் அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று படுகிறது.

பழங்காநத்தத்தில் என் வீட்டு மாடி அறையில், இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தான். எங்கே படித்தான் என்பது இங்கு வேண்டாம். படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். பணிவிடை மனப்பான்மையோடு தலைமை ஏற்கும் மாணவனுக்கு ஒரு பரிசாம். ஆசிரியர் ஒருவர் இவனை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். வெளியார் ஒருவர் சிபாரிசு எழுத வேண்டும். கொஞ்சம் பணமும் உண்டு. தங்கையின் காலேஜ் பீஸுக்கு ஆகும் என்றான்.

விண்ணப்பதாரர் பிறருக்குப் பணி செய்ததை நேரில் கண்ட ஒரு சந்தர்ப்பத்தை விவரிக்க வேண்டும் என்றது படிவம். கீழே பத்து வரிக்கு இடம் விட்டிருந்தது.

நான் நேரில் கண்டது இது. என் அம்மா கடைசி ஐந்து மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த வேலைக்காரம்மா நின்றுவிட்டாள். ஒரு ராத்திரி அம்மா படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டாள். நான் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. சத்தம் கேட்டு இறங்கிவந்தவன் வெந்நீர் போடச் சொன்னான். போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவன் செய்தான், அன்றும், அதற்குப் பிறகு ஐந்து மாதமும். முதல் நாள் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவன் வருகிற நேரத்தை விசாரிக்க ஆரம்பித்தாள்.

இதை எழுத வேண்டுமானால் நான் எங்கே நின்றேன் என்பதையும் எழுதியாக வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல விஷயத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

பணியாளே தலைவன் என்ற இந்தக் கருத்தை நம் காலத்தில் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர். ஏ.டி. அண்ட் டி. டெலிபோன் கம்பெனியில் வெகுகாலம் இருந்து 1964இல் ஓய்வு பெற்றவர். 1970இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு இது தோன்றியது ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவலைப் படித்தபோது. 1932இல் வெளிவந்த, கிழக்கு நோக்கிப் போகும் ஒரு யாத்திரையின் கதை. கூட்டத்துக்கு எடுபிடி வேலை செய்துவந்த லியோ என்பவன் ஒரு நாள் காணாமல் போகிறான். அதோடு யாத்திரையே சிதறிவிடுகிறது. வெகுகாலம் கழித்துத் தெரிகிறது, அந்தச் சங்கத்தின் தலைவனே லியோதான் என்று.

படித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. லியோ கடைசிவரை வெறும் வேலைக்காரனாகவே இருந்திருந்தால்? கதையும் இல்லை, கட்டுரையும் இல்லை. யோவான் சுவிசேஷத்தில் சீஷர்களின் கால்களைக் கழுவுகிற இடமும் அப்படித்தான். அடிமையின் வேலையை ஆண்டவர் செய்தார் என்பதுதான் அங்கே அதிர்ச்சி. அடிமை செய்திருந்தால் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். குனிவதற்கு முதலில் ஓர் உயரம் வேண்டியிருக்கிறது.

இதை அவனிடம் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: 'எங்கப்பா முனிசிபாலிட்டியில முப்பது வருஷம் இந்த வேலைதான் சார் பார்த்தாரு. அதுக்குப் பேரு ஊழியம் இல்ல. நான் அம்மாவுக்குப் பண்ணினா மட்டும் எப்படி சார் ஊழியமாகும்?'

அவன் ஜாதியை நான் விசாரித்ததில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்துவந்தது. விசாரிக்காமலே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ராத்திரி வாசலில் நின்றபோது, இவன் செய்வான் என்று எனக்குள் யாரோ நிச்சயமாக இருந்தார்கள். மலம் அள்ள மனிதனை வைக்கக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இரண்டையும் ஆதரித்துப் பேசியவன் நான்.

இந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. அரசரடியில் 1969இல் ஏற்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே குடிசைப் பகுதிகளில் தங்கிப் படிக்க வைத்தது. 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்றால் பலருக்குத் தெரியும், அங்கே ஆசிரியராக இருந்தார். கிராமத்து மெட்டுகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவர் விடாமல் பேசியது ஒரே உலை என்பதைப் பற்றி. எல்லார் அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லாரும் அதிலிருந்து சாப்பிடுவது. கால் கழுவுவதில் ஒருவன் குனிய வேண்டியிருக்கிறது. ஒரே உலையில் யாரும் குனிவதில்லை. அவன் என் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தான். எங்கள் அடுப்பில் வெந்ததை அவன் சாப்பிட்டது, அம்மாவின் பதினாறாம் நாளன்றுதான்.

கடைசியில் எழுதினேன். ஒழுக்கமானவன், பொறுப்புள்ளவன், முதியோரிடம் பரிவுள்ளவன். பத்து வரியும் நிரம்பிவிட்டது. கவரை ஒட்டிக் கொடுத்தேன்.

பரிசு வேறொருவனுக்குப் போயிற்று. அறையைக் காலி செய்கிற அன்று, சாவியைக் கொடுத்துவிட்டுக் கேட்டான்:

'அம்மா விஷயத்தை எழுதினீங்களா சார்?'

'இல்லை' என்றேன்.

'நல்லது சார். அம்மா அதை விரும்பியிருக்க மாட்டாங்க.'

அம்மாவின் மானத்தை நான் காப்பாற்றினேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். நான் மறுக்கவில்லை.