27 டாங்கிகளும் ஒரு ‘ஒருவேளை’யும்

காலேஜில் என் நண்பனுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒருவேளை’.

கிரிக்கெட் மாட்ச் தோற்றால், “ஒருவேளை டாஸ் ஜெயிச்சிருந்தா...” என்று ஆரம்பிப்பான். அக்கவுண்டன்ஸியில் 38 மார்க் வாங்கினால், “ஒருவேளை அந்த டிரையல் பேலன்ஸ் மட்டும் டேலி ஆகியிருந்தா...” என்பான். பி.காம். முடித்து, ஆளுக்கொரு ஆபீஸில் நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அவனும் நானும் கூட்டாக ஒரு கடை போட்டோம். அது மூழ்கியது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் இதுவரை ‘ஒருவேளை’ சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அவன் பாரிஸில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறான். லீவு போட்டுவிட்டு, கடன் வாங்கி டிக்கெட் எடுத்துப் போய் இறங்கினால், “ஈஃபில் டவரை எவன் வேணா பார்ப்பான். நான் உனக்குக் கடல்ல நீந்தின டாங்கியைக் காட்டறேன், வா” என்றான். பயலுக்கு இரண்டாம் உலகப் போர்ப் பைத்தியம் முற்றியிருந்தது!

லா ஷப்பேலில் ஈழத் தமிழர் கடை ஒன்றில் ஆறு மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு, சான் லஸார் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நார்மண்டியில் இருக்கும் கான் நகரத்துக்கு. முதல் ரோல்ஸ் முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“ஒருவேளை, 1944 ஜூன்லயே அமெரிக்காக்காரன் பெர்ஷிங் டாங்கியைக் கொண்டு வந்திருந்தா? ஜெர்மன்காரனோட டைகருக்குச் சரியான ஜோடிடா அது. ஐரோப்பாவுக்கு அது வந்து சேர்ந்தது 1945 ஜனவரி. வந்ததும் மொத்தமே 20 வண்டி!”

நான் வணிகவியல்காரன். எனக்கு எல்லாமே வரவு செலவுதான். “அதோட எடை என்ன?”

“சுமார் 42 டன்.”

“ஷெர்மன்?”

“முப்பது, முப்பத்திரண்டு.”

“அப்ப உன் பெர்ஷிங்கை அட்லாண்டிக் தாண்டி யார் தூக்கிட்டு வர்றது? கப்பல், கிரேன், தற்காலிகப் பாலம் எல்லாத்துக்கும் கூடுதல் செலவுடா. நார்மண்டியில இறங்கின அன்னிக்கு இவங்க கையில துறைமுகம்கூடக் கிடையாது!”

முறைத்தான். ஆனால் அவன் சொன்ன புள்ளிவிவரமே என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டது. அமெரிக்கா போர்க்காலத்தில் ஷெர்மன் வகை டாங்கிகளை 50,000-க்குச் சற்றுக் குறைவாகத் தயாரித்துத் தள்ளியது. ஜெர்மனி செய்த முதல் வகை டைகர் சுமார் 1,350. ஒண்டிக்கு ஒண்டி நின்றால் டைகர்தான் கில்லாடி. ஆனால் போரில் யார் ஒண்டிக்கு ஒண்டி வருகிறார்கள்? தெருமுனைச் சண்டையிலேயே வருவதில்லை.

கானில் ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு கூர்ஸெல் என்ற கடற்கரை ஊருக்குப் போனோம். 1944 ஜூன் 6-ல் கனடா படைகள் இறங்கிய ‘ஜூனோ’ கடற்கரை இதுதான். குட்டித் துறைமுகம், மீன் கடைகள், ஐஸ்கிரீமோடு குழந்தைகள். நடுவே, நம்மூர்ச் சதுக்கத்தில் தலைவர் சிலை நிற்பதுபோல ஒரு ஷெர்மன் டாங்கி. பெயர் ‘போல்ட்’. கரைக்கு வரும் வழியில் மூழ்கி, கால் நூற்றாண்டுக்கு மேல் கடலுக்கடியில் கிடந்து, பிறகு தூக்கி நிறுத்தப்பட்ட வண்டி.

“இதுதான் நீந்தினதா? முப்பது டன் இரும்புடா இது!” என்றேன்.

ஹங்கேரியில் பிறந்த நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் என்ற என்ஜினீயரின் வேலை அது. டாங்கியைச் சுற்றி கித்தான் துணியால் ஒரு பாவாடை. காற்றடைத்த ரப்பர் குழாய்கள் அதை நிமிர்த்திப் பிடிக்கும். பின்பக்கம் இரண்டு புரொப்பெல்லர். பாவாடை தண்ணீரை விலக்கி நிற்பதால் வண்டி மிதக்கும். கரை தட்டியதும் துணியை இறக்கிவிட்டுச் சுட ஆரம்பிக்கலாம். இரண்டு வகை இயக்கம் என்பதால் ‘டி.டி.’ என்று பெயர். சிப்பாய்கள் வைத்த பெயர் டொனால்ட் டக்! எல்லாம் சரி, ஒரே ஒரு சிக்கல். சுமார் ஓரடி உயர அலைவரைக்கும்தான் அந்தப் பாவாடை தாங்கும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கிராய் கடற்கரை. மணல்மேட்டுக்குப் பின்னால் இன்னொரு டாங்கி. பிரிட்டிஷ் சர்ச்சில் வகை. ஜூன் 6 காலையில் தண்ணீர் நிரம்பிய ஒரு பள்ளத்தில் இது சறுக்கி விழுந்தது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வெளியே இழுக்க நேரமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் மேலேயே கட்டு கட்டாகக் குச்சிகளைப் போட்டு, பாலத்தை வைத்து, மொத்தப் படையையும் அனுப்பிவிட்டார்கள்! 1976-ல்தான் தோண்டி எடுத்தார்கள். அதுவரை முப்பத்திரண்டு வருஷம் பாதைக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஆபீஸில் சிலர் இப்படித்தான். எல்லோரும் மேலே ஏறிப் போவார்கள், இவர்கள் அடியில் கிடப்பார்கள்.

“இந்த வண்டி யாரோட படையைச் சேர்ந்தது தெரியுமா?” என்றான் ஒருவேளை. “அவர் கதை உனக்குப் பிடிக்கும். உன்னைமாதிரி மேலதிகாரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவர்.”

பெர்ஸி ஹோபார்ட். 1885-ல் நம்ம நைனிடாலில் பிறந்தவர். வங்காள சாப்பர்ஸ் படைப்பிரிவில் வேலை பார்த்தவர். டாங்கிப் போரைப் பற்றி மற்றவர்களுக்கு முன்னே யோசித்தவர். யோசித்ததை மேலிடத்தில் உரக்கச் சொன்னவரும்கூட. விளைவு? எகிப்தில் அவரே உருவாக்கிப் பயிற்சி கொடுத்த படையிலிருந்து கழற்றிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பியவர், பின்னாளில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த வேவல். 1940-ல் மேஜர் ஜெனரல் ஹோபார்ட் தன் ஊரின் ஹோம் கார்ட் படையில் சேர்ந்தார். பதவி, லான்ஸ் கார்ப்பொரல்! ஜெனரல் மேனேஜராக ரிடையர் ஆனவர் அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றமாதிரி.

சர்ச்சிலுக்கு விஷயம் எட்டியது. ஆளைத் திரும்பக் கூப்பிட்டார். 1942 ஆகஸ்ட் 19-ல் தியெப் கடற்கரைத் தாக்குதலில் டாங்கிகள் கூழாங்கல்லில் சிக்கி, கனடா வீரர்கள் 900 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். மறுபடி அப்படி நடக்கக் கூடாது. 1943-ல் ஹோபார்ட்டின் 79-வது கவசப் பிரிவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். சங்கிலியைச் சுழற்றிக் கண்ணிவெடிகளை அடித்து வெடிக்கவைக்கும் ‘நண்டு’, நெருப்பைக் கக்கும் ‘முதலை’, மணலில் கித்தான் கம்பளம் விரித்துக்கொண்டே போகும் வண்டி, ‘பறக்கும் குப்பைத்தொட்டி’ என்று பெயர் வாங்கிய குண்டை வீசும் வண்டி... மொத்தத்துக்கும் பெயர் ‘ஹோபார்ட்டின் வேடிக்கைகள்’. ஜூன் 6-ல் பிரிட்டிஷ், கனடா படைகளுக்கு இந்த வேடிக்கைகள்தான் வழி திறந்தன. நீந்தும் டாங்கியை அமெரிக்கர்களும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவை அவர்கள் கடற்கரையில் இறங்கவில்லை.

“ஒருவேளை, ஓமாஹாவுல இதெல்லாம் இறங்கியிருந்தா?” என்றான் நண்பன்.

“வா, அங்கேயே போய்ப் பார்ப்போம்” என்றேன்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். ஓமாஹாவில் நின்றால் முதலில் ஒன்று புரிகிறது. மற்ற கடற்கரைகள்போல இல்லை இது. மணலுக்குப் பின்னால் செங்குத்தாக மேடு. மேலே துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்தால், கீழே வருகிறவன் எல்லோரும் தட்டில் வைத்த பலகாரம். அன்று மேகமூட்டத்தில் விமானங்கள் போட்ட குண்டுகள் ஜெர்மன் அரண்களைத் தாண்டி உள்ளே விழுந்தன. அலை ஆறடி.

கிழக்குப் பாதிக்கு வந்தது 741-வது டாங்கிப் படை. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, இறக்கலாமா வேண்டாமா என்று இரண்டு கேப்டன்கள் ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். இறக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 29 டாங்கிகள் கடலில் இறங்கின. 27 மூழ்கின. இரண்டு மட்டும் கரை சேர்ந்தன.

மேற்குப் பாதிக்கு வந்தது 743-வது படை. அதே காலை, அதே கடல். படகுகளுக்குப் பொறுப்பான லெப்டினென்ட் டீன் ராக்வெல் அலையைப் பார்த்தார். வேண்டாம் என்று முடிவாயிற்று. டாங்கிகளைப் படகிலேயே மணல்வரை கொண்டுபோய் இறக்கினார்கள்.

அதாவது, ‘ஒருவேளை இறக்காமல் இருந்திருந்தால்?’ என்ற கேள்விக்கு அந்தக் கடற்கரையே அன்று பதில் எழுதிவிட்டது! ஒரு பாதியில் நடந்தது, மறுபாதியில் அதன் ‘ஒருவேளை’. இப்படி ஒரு வசதி வாழ்க்கையில் வேறு யாருக்குக் கிடைக்கும்?

சரி, டாங்கி வந்த பாதி தப்பித்ததா? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. மேற்கு ஓரத்தில் இறங்கிய ஏ கம்பெனி சில நிமிஷங்களில் சின்னாபின்னமாயிற்று. அதில் பலர் வெர்ஜீனியாவின் பெட்ஃபோர்ட் என்ற ஒரே சிற்றூர்ப் பையன்கள். டாங்கிகள் இருந்தும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. டாங்கி மூழ்கிய கிழக்குப் பாதியிலோ, சிப்பாய்கள் வழிகளை விட்டுவிட்டு மேட்டிலேயே தொற்றி ஏறினார்கள். போர்க் கப்பல்கள் தரை தட்டும் அபாயத்தோடு கிட்டே வந்து பீரங்கிகளால் உதவின. மாலைக்குள் அந்தப் பாதியும் கைக்கு வந்தது.

மேட்டின் மேல் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். 9,300-க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள், எல்லாம் மேற்கே, சொந்த ஊர்த் திசையைப் பார்த்து. உடல் கிடைக்காத 1,557 பேரின் பெயர்கள் தனிச் சுவரில். ஒருவேளை வாயே திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

2015 நவம்பர். முடிச்சூரில் செல்போன் உதிரி பாகக் கடை. “தை பிறக்கட்டும்டா, மழை விடாம பெய்யுது” என்றான் அவன். “அட்வான்ஸ் குடுத்தாச்சு, இறக்கிடுவோம்” என்று அவசரப்படுத்தியவன் நான். அவன் அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. டிசம்பரில் வெள்ளம் வந்து, சரக்கெல்லாம் ஆளுயரத் தண்ணீரில். அவன் பாரிஸுக்குப் போனான். நான் இப்படிக் கட்டுரை எழுதப் போனேன்.

“தப்பு என்னோடதுடா. அன்னிக்கு உன் பேச்சைக் கேட்டிருந்தா...” என்றேன். இத்தனை வருஷம் தொண்டையில் நின்ற வாக்கியம்.

அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ரேடியோவில ரெண்டு கேப்டனும் பேசித்தானேடா முடிவெடுத்தாங்க? நானும்தான் தலையாட்டினேன்.” கொஞ்சம் விட்டு, “சங்கிலியை எப்பவோ மீட்டுட்டேன். அம்மா அதைப் போட்டுக்கிட்டுதான் உன்னை விசாரிப்பாங்க, ‘அந்தப் பையன் ஏன் வீட்டுப் பக்கமே வரதில்லை’ன்னு” என்றான்.

கண்ணில் மணல் விழுந்தது. நார்மண்டியில் காற்று ஜாஸ்தி.

திரும்பி வந்த பாரிஸ் ரயிலில் செம கூட்டம். கதவோரம் நின்றுகொண்டே கடைசி இரண்டு ரோல்ஸையும் தின்றோம். ரயில் கிளம்பியதும் பழைய குரலில் ஆரம்பித்தான்.

“ஒருவேளை, இதுக்கு முந்தின வண்டியைப் பிடிச்சிருந்தா உட்கார இடம் கிடைச்சிருக்கும்டா!”