மாறுவதா, தொடர்வதா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கருவி பெரிதா, கலை பெரிதா என்பது பட்டிமன்றத்திற்கு நல்ல தலைப்பு. இரண்டு அணியினரும் மேடையில் முழங்கி முடித்ததும், ‘இரண்டும் வேண்டும்’ என்று நடுவர் தீர்ப்பளித்துவிட்டு இறங்கிவிடுவார். ஆனால், கையிலுள்ள காசை எண்ணிப் பார்த்து ஒரு கருவியை விட்டு இன்னொரு கருவிக்குப் போகவேண்டியவனுக்கு அந்தத் தீர்ப்பு போதாது. கணிப்பொறியை மாற்றுவதா, கூடவே இசை அமைக்கும் மென்பொருளையும் மாற்றுவதா என்ற கேள்வி சில மாதங்கள் என்னை விடாமல் துரத்தியது. அதற்கு நான் கண்ட விடை எனக்கு மட்டும் உரியதன்று என்று தோன்றியதால் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

முதலில் கேள்வி பிறந்த கதை. என்னிடம் இருப்பது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணிப்பொறி. புதுச்சேரியில் பழைய பொருள் விற்கும் கடையில் 8,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. அதில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு தவணை கிடைத்தது. விண்டோஸ் 11-க்கு ஏறலாம் என்றாலோ, அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்கிறது. என்னுடையது நான்காம் தலைமுறை. ஆக, பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு மூப்பு வந்துவிட்டது.

அந்தப் பெட்டியில் நான் செய்வது என்ன? எங்கள் ஊர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். நெல் விளையும் இடத்தில் நடவுப் பாட்டு இல்லாமல் இருக்குமா? எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டுகள் தெரியும். நடவுக்கு, களையெடுப்புக்கு, தாலாட்டுக்கு, இழவு வீட்டுக்கு என்று தனித்தனியே பாடுவார். மூன்று ஆண்டுகளாக அவரையும் அவரோடு நடவுக்குப் போன பெண்களையும் பாட வைத்துப் பதிவு செய்தேன். மூன்று மணி நேரப் பாட்டு சேர்ந்தது. அவற்றுள் 23 பாடல்களுக்கு மெல்லிய சுருதியும் தாளமும் சேர்த்து இசைக்கோவை செய்தேன். சென்ற மாசி மாதத்தில் ஆயா காலமானார். இனி அந்தக் குரல் அந்தப் பெட்டிக்குள்தான்.

நான் பயன்படுத்தி வந்தது கேக்வாக் என்னும் இலவச மென்பொருள். அது விண்டோஸில் மட்டும் ஓடும். பெட்டியை மாற்றினால் மென்பொருளும் மாறலாம். மென்பொருள் மாறினால் மூன்றாண்டு வேலை திறக்காமல் போகலாம். இதுதான் சிக்கல்.

புதுச்சேரி நகரில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் அண்ணன் ஒருவர் எனக்கு அவ்வப்போது வேலை தருவார். அவரிடம் யோசனை கேட்டேன். “யோசிக்காத தம்பி, மேக் வாங்கிடு. லாஜிக்ல வேலை பண்ணு. உன் கோப்ப நான் அப்படியே திறப்பேன், என்னுது நீ திறப்பே. நாளைக்கு மெட்ராஸ் போனாலும் கைகொடுக்கும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கி, 1992-இல் ‘ரோஜா’ தந்த ஏ.ஆர். ரகுமான் லாஜிக்கைக் கையாள்பவர். அந்த மென்பொருள் மேக்கில்தான் ஓடும். மேக் மினி என்னும் சிறு பெட்டி 2024-இல் புதிய வடிவில் வந்தபோது அதன் தொடக்க விலை 59,900 ரூபாய். அதற்கு மேல் திரை. அதற்கு மேல் மென்பொருள். லாஜிக்கின் அமெரிக்க விலை ஏறத்தாழ 200 டாலர்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படிப்புக்கு என்று எதைக் கேட்டாலும் அம்மா மறுத்ததில்லை. “மகளிர் குழுவுல கேட்டா கடன் கிடைக்கும். நீ வாங்கிக்க. ஆனா ஒண்ணு சொல்லு, பொட்டிய மாத்துனா ஆயா பாட்டு கூடவே வருமா?” என்று கேட்டார்.

ஒலிப்பதிவு அண்ணனும் கேட்காத கேள்வி அது. எது நல்ல கணிப்பொறி என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மாவின் கேள்விக்கே முதலில் விடை தேடினேன்.

தேடியபோது கிடைத்த செய்திகள் வியப்பளித்தன. லாஜிக் முதலில் ஆப்பிளுடையதே அன்று. எமேஜிக் என்னும் ஜெர்மன் நிறுவனம் அதை விண்டோஸுக்கும் மேக்குக்கும் சேர்த்தே விற்றது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அவ்வாண்டு செப்டம்பரோடு விண்டோஸ் பதிப்பு நின்றது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்கள் ஒன்று கணிப்பொறியை மாற்றவேண்டும், அல்லது மென்பொருளை மாற்றவேண்டும் என்றாயிற்று. இன்று எனக்கு வந்த அதே கேள்வி, நான் பிறப்பதற்கு முன்பே உலகெங்கும் பல இசைக் கலைஞர்களுக்கு வந்திருக்கிறது!

கேக்வாக்கின் கதையும் அப்படித்தான். 1987-இல் தொடங்கிய மென்பொருள் அது. 2017 நவம்பரில் அதை வைத்திருந்த கிப்சன் நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்தியது. 2018-இல் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி இலவசமாகத் தந்தது. 2023-இல், இதற்குப் பதிலாக சோனார் என்ற பெயரில் புதியது வரும் என்று அறிவித்தது. மேக் பக்கமும் அசையாத நிலம் அன்று. ஆப்பிள் 2006-இல் இன்டெல் செயலிகளுக்கு மாறியது. 2020-இல் அவற்றை விட்டுத் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறத் தொடங்கியது. இடையில் 2019-இல் வந்த இயக்க முறைமை பழைய 32-பிட் மென்பொருள்களை ஏற்க மறுத்தது. இவற்றைக் குற்றமாகச் சொல்லவில்லை. வணிகம் என்றால் மாற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால், ‘இந்தப் பக்கம் போய்விட்டால் இனிக் கவலையில்லை’ என்று எந்தப் பக்கத்தையும் நம்ப முடியாது என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் மாறாதது எது? 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்னும் பொதுமொழி உருவாயிற்று. 1988-இல் அதைச் சேமிக்கும் கோப்பு முறையும் வகுக்கப்பட்டது. ஒலியைச் சேமிக்கும் வேவ் கோப்பு 1991-இல் வந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கணிப்பொறிகள் தோன்றி மறைந்தன. இந்த எளிய கோப்புகளை மட்டும் இன்றும் எல்லா இசை மென்பொருள்களும் திறக்கின்றன. காரணம், இவற்றில் மறைபொருள் எதுவும் இல்லை. வேவ் கோப்பு என்பது எண்களின் வரிசை. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து எழுதுகிறோம். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட். ஒற்றை வழிப் பதிவானால் ஒரு நொடிக்கு 88,200 பைட். ஆயாவின் மூன்று மணி நேரமும் சேர்ந்து ஒரு ஜி.பி.க்குள் அடங்கிவிடுகிறது.

இசைஞானி இளையராஜாவை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணிப்பொறி வழி இசை கோத்தவர் என்று அவரைப் பரவலாகச் சொல்கிறார்கள். அவரே இசைக்குறிப்புகளைக் காகிதத்தில் கைப்பட எழுதுபவர். 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. குறிப்பு படிக்கத் தெரிந்த எவரும், எந்த நாட்டிலும் அதை வாசிக்கலாம். அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.

தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. வாய்க்காலைத் தூர்வாரலாம், திருப்பலாம், கரை கட்டலாம். கவலையெல்லாம் நீர் ஏரிக்கு வந்து சேர்கிறதா என்பதுதான். மென்பொருள் வாய்க்கால், பாட்டு நீர்.

ஆகவே மாறுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். 23 பாடல்களிலும் ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்தேன். பாடலின் நடுவில் வரும் ஒலியாக இருந்தாலும் கோப்பு முதல் நொடியிலிருந்தே தொடங்கவேண்டும். அப்போதுதான் வேறு மென்பொருளில் வரிசையாக அடுக்கும்போது தாளம் பிசகாது. மிடிக் குறிப்புகளைத் தனியே எடுத்தேன். ஒவ்வொரு பாடலின் காலப்பிரமாணத்தையும், சுருதியையும், பாடியவர் யார், எப்போது பாடியது என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதன்பின் மனத்தில் ஓர் அமைதி வந்தது. இனி எந்தப் பெட்டியையும் அச்சமின்றி எடை போடலாம்.

என் முன் மூன்று வழிகள் இருந்தன. மேக் வாங்குவது, விண்டோஸ் 11 ஓடும் வேறு கணிப்பொறி வாங்குவது, இதே பெட்டியில் லினக்ஸ் ஏற்றுவது. மூன்றாவது வழிக்குச் செலவில்லை என்பதால் அதை முதலில் சோதித்தேன். லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதை அழிக்காமலேயே ஓட்டிப் பார்க்க முடியும். அதில் ரீப்பர் என்னும் மென்பொருளை நிறுவினேன். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் பார்த்துவிட்டு வாங்கலாம். தனியாளுக்கு விலை 60 டாலர். அதுவும் வேண்டாம் என்றால் ஆர்டோர் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஐயம் வந்தால் கேட்க, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினரும் உண்டு.

பழைய பெட்டி தாங்குமா என்பதற்கு இயற்பியல் விடை சொன்னது. 256 மாதிரிகளைத் தேக்கி அனுப்பும்படி அமைத்தேன். 256-ஐ 44,100-ஆல் வகுத்தால் 5.8 மில்லிநொடி. உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்து இருமடங்கு, அதாவது 11.6 மில்லிநொடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் நான்கு மீட்டர் தொலைவு செல்லும். கோயில் ஊர்வலத்தில் நாகசுரக்காரரும் தவில்காரரும் அவ்வளவு விலகி நடந்தாலும் தாளம் தவறுவதில்லை அல்லவா? பெட்டியும் திணறாமல் ஓடியது.

அடுத்து, ஒரே பாடலைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் கலந்து, எது எது என்று சொல்லாமல் வில்லியனூரில் தவில் வாசிக்கும் மாமாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டுலயும் உன் தாளம் ஆயா குரல அமுக்குதே, கொறைச்சு வைடா” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அறுபதாயிரம் ரூபாய் செலவழித்திருந்தாலும் அந்தக் குறை நீங்கியிருக்காது. தாளத்தைக் குறைத்தேன், பாட்டு நிமிர்ந்தது.

இழப்பு இல்லாமல் இல்லை. நான் பழகிய சில செயற்கை இசைக்கருவிகள் லினக்ஸில் ஓடவில்லை. விரல்களுக்குப் பழகிய குறுக்கு விசைகளை மறந்து புதியவற்றைக் கற்கவேண்டியிருக்கிறது. லாஜிக்கில் கூடவே கிடைக்கும் கருவிகளின் வளம் இதில் இல்லை. நாளை சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை கிடைத்தால், அங்கே இருக்கும் கருவியை நான் கற்றே தீரவேண்டும். அன்று கற்பேன். அதற்காக இன்று அம்மாவின் பெயரில் கடன் ஏறவேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். பழைய பெட்டி தொடர்கிறது, மென்பொருள் மாறிவிட்டது.

ஒலிப்பதிவு அண்ணனுக்கு வேவ் கோப்புகளாக அனுப்பினேன். அவர் தம்முடைய லாஜிக்கில் அடுக்கிப் பார்த்துவிட்டு, “இதுவே போதும் தம்பி, அடுத்த வேலையையும் இப்படியே அனுப்பு” என்றார். கடன் வாங்காமல் மிஞ்சிய நிம்மதியில், கையிலிருந்த சிறு தொகைக்கு இரண்டு வன்தட்டுகள் வாங்கினோம். ஒன்று எங்கள் வீட்டில். மற்றொன்று பாகூரில் அத்தை வீட்டுப் பீரோவில். ஒரு வீட்டில் மழைநீர் புகுந்தாலும் மற்றொரு வீட்டில் ஆயா பாடிக்கொண்டிருப்பார்.

நண்பர்களே! உங்களிலும் பலர் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ இசை அமைக்கிறீர்கள். எந்தக் கருவி வாங்கலாம் என்று உணவகத்தில் வாதிடுகிறீர்கள். வசதி உள்ளவர்கள் நல்லதை வாங்குங்கள், தவறில்லை. ஆனால் வாங்குமுன், உங்கள் படைப்பை எந்தக் கருவியும் திறக்கக்கூடிய எளிய வடிவில் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இன்னொன்று: இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த ஓர் ஆயாவோ தாத்தாவோ இருந்தால், புதுக் கணிப்பொறி வரட்டும் என்று காத்திராமல், கையில் இருக்கும் கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள்.