ஒளியை எண்ணும் சீப்பு

எட்டு நெல்லை ஒரு விரல் என்றும், பன்னிரு விரலை ஒரு சாண் என்றும் கொண்டு அளந்தவர் நம் முன்னோர். வீடு கட்ட அது போதும். நான் பணிபுரியும் ஒரகடத்தில் போதாது. வாகன உறுப்புகளை இங்கே மைக்ரான் கணக்கில் அளக்கிறோம். ஒரு மீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான்.

பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க இந்த உருக்குக் கட்டை இருக்கிறது. கட்டையைச் சரிபார்ப்பது எது?"

நல்ல கேள்வி. கட்டையை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சரிபார்க்கிறது. அதன் அளவுகளோ புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சார்ந்தவை. அதற்கும் மேலே ஏறினால் அகப்படுவது உலோகமன்று, ஒளி. வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 299792458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே மீட்டர் என்பது 1983இல் வகுத்த வரையறை. ஆகவே, ஒரு லேசரின் அதிர்வெண் தெரிந்தால் அலைநீளமும் தெரியும். அந்த அலைநீளமே அளவுகோல்.

ஆனால், சிவப்பு நிற ஹீலியம்–நியான் லேசரின் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 474 லட்சம் கோடி முறை அதிர்கிறது. எந்த மின்னணுச் சுற்றும் அதை நேரடியாக எண்ண இயலாது. முன்பு அறை நிறையக் கருவிகளைச் சங்கிலியாகக் கோத்து எண்ணினார்கள். அவ்வேலையை ஒரு மேசைக்குள் அடக்கியது ஒளி அதிர்வெண் சீப்பு. மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைச் சீரான இடைவெளியில் உமிழும் லேசர் அது. அவ்வொளியைப் பிரித்தால் எண்ணற்ற நிறக்கோடுகள் சீப்பின் பற்களைப்போலச் சம இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளி, நொடிக்கு வெளிவரும் துடிப்புகளின் எண்ணிக்கைக்குச் சமம். சீசியம் அணுக்கடிகாரத்தின் துணையால் அதை எண்ணிவிடலாம். சீப்பு மொத்தமாக எவ்வளவு நகர்ந்து நிற்கிறது என்பதையும் கண்டறிந்தால், ஒவ்வொரு பல்லின் அதிர்வெண்ணும் கைக்கு வந்துவிடும். பிறகு, அளக்கவேண்டிய லேசரை அருகிலுள்ள பல்லோடு சேர்த்து, எழும் விம்மல்களை எண்ணினால் போதும். இரு வீணைத் தந்திகள் சற்றே சுருதி விலகும்போது கேட்குமே, இயற்பியலில் நீங்கள் படித்த அதே விம்மல்தான். இப்பணிக்காகத் தியோடர் ஹான்ஷும் ஜான் ஹாலும் 2005ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 2009இல் ஜப்பான் இச்சீப்பையே தன் தேசிய நீள அளவாக ஏற்றது.

இத்தனை நுட்பமும் நம்மூர் வெயிலிடம் தோற்றுவிடக்கூடும். நீள அளவுகள் 20 டிகிரி செல்சியசுக்கு உரியவை. 40 டிகிரியில் 100 மில்லிமீட்டர் உருக்குத் துண்டு சுமார் 23 மைக்ரான் நீண்டிருக்கும். ஒரு கத்திரி நண்பகலில், சிறு பட்டறை ஒன்றிலிருந்து வந்த சரக்கை, வண்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்து, அளவு மிகுதி என்று திருப்பியனுப்ப இருந்தார்கள். ஒரு மாத உழைப்பு அது. பட்டறைக்காரர் வாசலிலேயே நின்றார். குளிரூட்டிய அளவறையில் ஓரிரவு வைத்துவிட்டு அளக்கலாம் என்றேன். மறுநாள் காலை எல்லாத் துண்டுகளும் வரம்புக்குள் இருந்தன. சரக்கை ஏற்றுக்கொண்டார்கள்.